இரண்டு தேதி பொறித்த துப்பாக்கி

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் கோத்தகிரி. நியூசிலாந்தின் தென் தீவில், ஜெரால்டின் பக்கம் ஒரு பால் ஆலையில் ஃபிட்டராக இருக்கிறேன். வந்து 6 வருடம் ஆகிறது. துப்பாக்கி உரிமம் வாங்கி 2 வருடம். முயலைத் தவிர எதையும் சுட்டதில்லை. பக்கத்துப் பண்ணைத் தாத்தா போன மாதம் தவறிவிட்டார். அவர் ஞாபகமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அவருடைய மகன் (அவருக்கும் உரிமம் உண்டு) ஒரு பழைய ஒற்றைத் தோட்டா ரைபிளைக் கொடுத்தார். படங்கள் அனுப்பியிருக்கிறேன். வலப்பக்கம் 1885 என்றும், இடப்பக்கம் 1896, எம்.ஈ. 303 என்றும் பொறித்திருக்கிறது. ஒரே துப்பாக்கியில் இரண்டு தேதி எப்படி? போலியா? கூடவே ஒரு தகர டப்பாவில் 30 பழைய தோட்டாக்கள் வந்தன. அவற்றைச் சுடலாமா? டெலஸ்கோப் பொருத்தலாமா? நூறு வருடம் தாண்டிவிட்டதால் பழம்பொருள் கணக்கில் வருமா? முக்கியமான கேள்வி: வரும் ஜூனில் நண்பர்கள் வரையாடு வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். தாத்தா இதைத்தான் மலைக்கு எடுத்துப்போவாராம். நானும் இதையே எடுத்துப்போக ஆசைப்படுகிறேன். போகலாமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி மலைக்குத் தயாராக இருக்கலாம். நீங்கள் இன்னும் தயாராகவில்லை. இந்த ஜூனில் வேண்டாம். கோபப்படாமல் மிச்சத்தையும் படியுங்கள். அடுத்த ஜூனுக்கு வழி சொல்கிறேன்.

போலி இல்லை. இரண்டு தேதி இருப்பதுதான் இது அசல் என்பதற்குச் சாட்சி. 1885-ல் இது மார்ட்டினி-ஹென்றியாகப் பிறந்தது. அப்போது அதன் தோட்டா 0.45 அங்குலம். சுண்டுவிரல் கனத்துக்கு ஓர் ஈயக்குண்டு, 480 கிரெயின், அதாவது 31 கிராம். அதைத் தள்ள 85 கிரெயின் கருமருந்து. சுட்டால் புகை கலைந்த பிறகுதான் பட்டதா என்று தெரியும். 1888-ல் பிரிட்டிஷ் ராணுவம் 0.303 அங்குலத் தோட்டாவுக்கு, சுருக்கமாக 303-க்கு, மாறியது. நம்மூர்ப் போலீஸ்காரர் தோளில் தொங்கிக்கொண்டிருந்த அதே த்ரீ-நாட்-த்ரீ. கிடங்கு கிடங்காக நல்ல நிலையில் மார்ட்டினி உடல்கள் கிடந்தன. அவற்றை உருக்கிப் போட மனமில்லாமல், பழைய குழலைக் கழற்றிவிட்டு 303 குழலை முடுக்கினார்கள். வீட்டை இடிக்காமல் வாசற்காலை மட்டும் மாற்றுவதுபோல. மாற்றிய வருடத்தை மறுபக்கம் பொறித்தார்கள். எம்.ஈ. என்றால் மார்ட்டினி-என்ஃபீல்டு. உங்கள் மூன்றாவது படத்தில் என், இசட் எழுத்துகளுக்கு நடுவே ஓர் அம்புக்குறி தெரிகிறதே, அது நியூசிலாந்து அரசின் சொத்து முத்திரை. இந்த நாட்டுத் தொண்டர் படைக்கு வந்து, பிறகு விலைக்குப் போய், ஏதோ ஒரு ஆட்டுப் பண்ணையில் ஒதுங்கிய துப்பாக்கி.

என்ஃபீல்டு என்ற பெயரைக் கவனியுங்கள், உங்களுக்கு அது அதிர்ஷ்டம். முதலில் மாற்றிய மார்ட்டினிகளுக்கு மெட்ஃபோர்டு குழல் போட்டார்கள். குண்டைச் சுழலவைக்க அதன் உட்புறம் வெட்டிய வரிப்பள்ளங்கள் ஆழமில்லாமல், ஓரம் மழுங்கியிருக்கும். கருமருந்துக் கரி அடையாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்ததும் அதன் சூட்டில் அந்த வரிகள் சீக்கிரம் கரைந்துபோயின. அதனால் 1895-ல் ஆழமான 5 வரிகள் கொண்ட என்ஃபீல்டு குழல் வந்தது. பிளாக்கை, அதாவது குழலின் பின்வாயை அடைக்கும் இரும்புத் துண்டை, கீழே இறக்கி, தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொண்டு, உள்ளே ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை வைத்து வாயிலிருந்து பாருங்கள். 5 வரிகள் இடப்பக்கமாக முறுக்கிப்போவது தெரியும்.

சட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இங்கே வயதை வைத்துப் பழம்பொருள் என்று சொல்வதில்லை. கடையில் கிடைக்கும் ரிம்ஃபயர், சென்டர்ஃபயர் (அடி விளிம்பிலோ அடி நடுவிலோ தட்டி வெடிக்கும்) தோட்டாவைச் சுட முடிகிற எதுவும் 1896-ல் செய்திருந்தாலும் இன்றைய துப்பாக்கிதான். உரிமம் வேண்டும், பூட்டிய பெட்டி வேண்டும், தோட்டாவுக்குத் தனிப் பூட்டு வேண்டும். 2023 ஜூனில் தொடங்கிய துப்பாக்கிப் பதிவேட்டில், கைமாறிய 30 நாளுக்குள் ஏற்றிவிடுங்கள். தாத்தா போன மாதம் தவறியதாக எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இதைப் படித்து முடித்ததும் முதல் வேலை அதுதான். வரவேற்பறைச் சுவரில் ஆணியடித்து மாட்டும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள்.

தகர டப்பாத் தோட்டாக்களைச் சுடாதீர்கள். ஒன்றுகூட வேண்டாம். அடிப்பக்கம் சி.ஏ.சி. என்று இருப்பது ஆக்லாந்தில் இருந்த கொலோனியல் அம்யூனிஷன் கம்பெனி. ராணுவத்துக்குச் செய்த மார்க் 7 தோட்டா, கூர்மூக்கு, 174 கிரெயின். குண்டு முழுக்கக் கவசம் போட்டது. அது வேட்டைக்கானதல்ல: விலங்கின் உடம்பில் விரியாமல் ஊசிபோல் துளைத்துப்போய்விடும், அது பல மணி நேரம் கழித்து எங்கோ சாகும். இன்னொன்று, அந்தக் காலத்து அடிமூடியில் (மருந்தைப் பற்றவைக்கும் சின்னத் தொப்பியில்) இருக்கும் ரசாயனம் எரிந்ததும் குழலுக்குள் உப்பாகப் படியும். சமையல் உப்புக்கு அண்ணன் தம்பி. ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருப்பிடிக்க வைத்துவிடும், எண்ணெய் போட்டாலும் கரையாது, கொதிநீர் ஊற்றித்தான் கழுவ வேண்டும். டப்பாவோடு ஒரு சேகரிப்பாளரிடம் கொடுத்தால் நல்ல விலை தருவார்.

அப்படியானால் எதைச் சுடுவது? கடையில் கிடைக்கும் 180 கிரெயின் மென்மூக்குத் தோட்டாவை இந்த உடல் தாங்கும் என்று பலர் சொல்வார்கள். தாங்கவும் செய்யும். ஆனால் என் பட்டறைக்கு வரும் மார்ட்டினிகளுக்கு நான் அதை எழுதிக்கொடுப்பதில்லை. இந்த உடலின் எஃகு 1885-ஆம் வருடத்து எஃகு. 215 கிரெயின் உருண்டை மூக்குக் குண்டு, வினாடிக்கு 600 மீட்டர் சுமார் வேகம் என்பதுதான் இந்தக் குழல் பிறந்தபோது இருந்த கணக்கு. அந்த அளவுக்கே மருந்து போட்டுத் தோட்டா கட்டிக்கொள்ள வேண்டும். உங்களுக்குக் கட்டத் தெரியாவிட்டால், தெரிந்த பெரியவரோடு உட்கார்ந்து பழகுங்கள். யூடியூபைப் பார்த்துப் பழக வேண்டாம்.

அதற்கும் முன்னால் துப்பாக்கியைத் தெரிந்தவர் மேஜையில் வைக்க வேண்டும். நான் என்ன பார்ப்பேன் என்று சொல்கிறேன், உங்கள் ஊர்ப் பக்கம் யாரிடம் கொடுத்தாலும் இவற்றைக் கேளுங்கள்.

303 தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு இருக்கும். அந்த விளிம்பு உட்கார பிளாக்குக்கும் குழலுக்கும் நடுவே விட்ட இடைவெளியை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். அது 1.63 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, 1.88-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால், வெடிக்கும்போது பித்தளைக்கூடு பின்னால் நகர்ந்து, அடிக்குச் சற்று மேலே கிழிந்து, சூடான வாயு உங்கள் முகத்தைத் தேடி வரும். அளவுக்கட்டை போட்டுப் பார்க்க 5 நிமிடம் போதும். ஃபிட்டர் வேலை செய்கிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது எனக்குப் பிடித்த வேலை. ஒரு மென்மையான ஈயத்துண்டை எண்ணெயில் தோய்த்து, குழல் வாயில் வைத்து மரச்சுத்தியால் தட்டி உள்ளே இறக்கிவிட்டு, பிறகு குச்சியால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போவேன். கண்ணை மூடிக்கொண்டு தள்ள வேண்டும். நல்ல குழல் என்றால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இறுக்கம், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி. பள்ளம் விழுந்த இடத்தில் குச்சி திடுக்கென்று சுலபமாகும். துருப்பிடித்த இடத்தில் சொரசொரப்பு உள்ளங்கை வரை ஏறும். 20 வருடம் இதைச் செய்தபின் டார்ச் அடித்துப் பார்ப்பதைவிட என் கையைத்தான் நம்புகிறேன். வெளியே வந்து விழுந்த ஈயத்தை, ஒற்றைப்படை வரிகளுக்கான வி-வடிவ மைக்ரோமீட்டரில் அளந்தால் குழலின் உண்மையான அகலம் தெரிந்துவிடும். பழைய 303 குழல்களில் இது குழலுக்குக் குழல் மாறும். 0.311 அங்குலமும் உண்டு, 0.316-ம் உண்டு. குண்டை அதற்குத் தகுந்தபடி வாங்காவிட்டால் குழலுக்குள் தளர்ந்து உருளும். அப்புறம் எவ்வளவு நிதானமாகக் குறி பார்த்தாலும் பயனில்லை.

உங்கள் நான்காவது படத்தில் எனக்கு ஒரு சந்தேகம். குழலின் வாய் கொஞ்சம் நீள்வட்டமாகத் தெரிகிறது. மார்ட்டினியின் பின்புறம் மரக்கட்டை அடைத்துக்கொண்டிருப்பதால் பின்னாலிருந்து நேராகக் கம்பி விட்டுத் துடைக்க முடியாது. நூறு வருடமாக எல்லோரும் வாய்வழியாகவே இரும்புக் கம்பியை இழுத்து இழுத்து, வாயின் ஓரத்தைத் தேய்த்திருப்பார்கள். குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் குண்டு கோணிக்கொண்டு போகும். உடனே அறுத்துச் சீராக்கிவிடாதீர்கள், முதலில் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். சில வாய்கள் அசிங்கமாக இருக்கும், ஆனால் நேராகச் சுடும். இனி துடைக்கும்போது வாயில் ஒரு பித்தளை வளையம் மாட்டிக்கொண்டு துடையுங்கள். கடைசலில் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

டெலஸ்கோப் வேண்டாம். மார்ட்டினியில் தோட்டாவை மேலே இருந்துதான் போட வேண்டும், டெலஸ்கோப் அந்த வழியை மறைத்துவிடும். தவிர, அந்த உடலில் ஒரு திருகுத் துளை போட்டால் நூறு வருடத்துக்கு மேல் தப்பி வந்த பொருளின் மதிப்பு பாதியாகிவிடும். முன்குறியும் பின்குறியும் போதும். ஆனால் ராணுவக் குறி வெகுதூரத்துக்குச் செய்தது, 100 மீட்டரில் உயரச் சுடும். முன்குறியை உயரமானதாக மாற்றிக்கொள்ளுங்கள், பழைய குறியை ஒரு உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

இனி மலை.

கோத்தகிரிக்காரருக்கு ஒரு நெருடல் இருந்திருக்கும், கடிதத்தில் எழுதவில்லை. முக்குர்த்திப் பக்கம் வரையாட்டைத் தூரத்தில் பார்த்துக் கும்பிடு போட்டு வளர்ந்திருப்பீர்கள். நம் மாநில விலங்கு, பழந்தமிழில் வருடை என்று பெயர் பெற்றது, தொட்டால் சிறை. இங்கே வந்தால் அதன் உறவைச் சுடச் சொல்லி அரசே அனுமதிச் சீட்டைக் கட்டணமில்லாமல் தருகிறது. எனக்கும் முதல் வருடம் கை நடுங்கியது. இங்கே திரிவது இமாலய வரையாடு. 1904-ல் பெட்ஃபோர்டு பிரபு தன் பண்ணையிலிருந்து அனுப்பிய சில ஆடுகளை மவுண்ட் குக் அடிவாரத்தில் அவிழ்த்துவிட்டார்கள். வௌவால் தவிரத் தரைப் பாலூட்டி எதுவுமே இல்லாமல் வளர்ந்த மலை இது. மேய்ச்சலைத் தாங்கத் தெரியாத செடிகள். 1993-ல் போட்ட திட்டப்படி 10,000 ஆடுகளுக்கு மேல் இருக்கக்கூடாது, இன்றைக்கும் அதற்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு ஆறுதலும் உண்டு: மரபணுவைப் பார்த்தால் நம் நீலகிரி ஆடு செம்மறிக்கு நெருக்கம், இமாலய ஆடு வெள்ளாட்டுக்கு நெருக்கம். பெயரில்தான் பங்காளி.

உங்களுக்கு ஏன் இந்த வருடம் வேண்டாம் என்றேன் என்பதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும். 14 குளிர்காலத்துக்கு முன்னால், காட்லி பள்ளத்தாக்கின் தலைமாட்டில், கையில் உங்களுடையதைப் போலவே ஒரு மார்ட்டினி. எனக்குக் கீழே, சுமார் 45 பாகைச் சரிவில், ஒரு பெரிய கிடாய் நின்றது. தூரம் 210 மீட்டர். 120-க்கு மேல் சுடுவதில்லை என்று எனக்கு நானே போட்டிருந்த விதி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மூன்று நாள் நடந்த கால். "ஒரு குண்டுதானே" என்று நினைத்தேன். தட்டையான நிலத்தில் 210 மீட்டருக்கு எவ்வளவு தூக்கிப் பிடிப்பேனோ அவ்வளவு தூக்கிப் பிடித்துச் சுட்டேன்.

குண்டை நிலம் இழுப்பது நேர்கீழாகத்தான். அதனால் சரிவில் கணக்கு வைக்க வேண்டியது குண்டு போகும் தூரத்தை அல்ல, அதன் கிடைத்தூரத்தை. 45 பாகைச் சரிவில் 210 மீட்டர் என்றால் இழுப்பு கிட்டத்தட்ட 150 மீட்டருக்கு உரியதுதான். மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் குண்டு உயரத்தான் போகும். நவீன ரைபிளில் இந்தப் பிழை சிறியது, வேகம் மன்னித்துவிடும். மார்ட்டினியின் நிதானமான குண்டில் அந்தத் தூரத்துக்கு ஒரு சாணுக்குக் கிட்டே வந்துவிடும். 120 மீட்டரில் இதே சரிவுக்கு 6 சென்டிமீட்டர்தான், ஆடு அந்த இடத்திலேயே விழும்.

கிடாய்க்கு ஜூனில் கழுத்திலிருந்து மார்பு வரை பிடரி மயிர் குடைபோல் விரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் உருவத்தில் மேலே ஒரு கை அகலம் வெறும் மயிர். என் குண்டு அந்த மயிரையும் முதுகெலும்புக்கு மேலே கொஞ்சம் சதையையும் கிழித்துக்கொண்டு போனது. கிடாய் ஒரு முறை முழங்காலிட்டு, எழுந்து, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாறைச் செங்குத்துக்குள் இறங்கிவிட்டது. இரண்டாவது தோட்டாவை எடுக்கும்போது விரல் விறைத்து நழுவியது. அந்தப் பித்தளை பாறைக்குப் பாறை கிண் கிண் என்று தட்டிக்கொண்டு இறங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் காலை முதல் மாலை வரை தேடினேன். ஒரு பாறை விளிம்பில் காய்ந்த ரத்தம், காசு அளவுக்கு. அவ்வளவுதான்.

துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. அது என்னிடம் கேட்டது 120 மீட்டர். நான் கொடுத்தது 210.

இந்த வகைத் துப்பாக்கியை மலைக்கு எடுத்துப்போவது என்றால், ஆட்டின் அருகே போகத் தெரிய வேண்டும் என்று அர்த்தம். சுடுவது அப்புறம்தான். அதைக் கற்க ஒரு பருவமாவது மலையில் புரள வேண்டும். வரையாடு ஆபத்து கீழிருந்துதான் வரும் என்று நினைக்கிற பிராணி, எப்போதும் கீழேதான் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே விடிவதற்கு முன் ஏறி மேலே இருக்க வேண்டும். வெயில் ஏறியதும் காற்று சரிவில் மேல்நோக்கி வரும், ஆட்டின் வாடை உங்களுக்கு வரும், உங்கள் வாடை அதற்குப் போகாது. சாயங்காலம் இது தலைகீழ். மழையைக் கொண்டுவரும் வடமேற்குக் காற்று கிளம்பும் நாளில் இந்தப் பாடமெல்லாம் செல்லாது. அன்றைக்கு ஆறு எப்போது பெருகும் என்பதைப் பாருங்கள், ஆட்டை விடுங்கள். ஸ்பானியார்டு என்று ஒரு செடி இருக்கிறது, தாழம்பூ மடல்போல் அழகாக நிற்கும், சறுக்கும்போது அதைப் பிடித்தீர்களானால் உள்ளங்கையில் அரை அங்குலம் இறங்கும். கியா கிளி ஒன்று உங்கள் பையின் ரப்பரைக் கொத்திக்கொண்டு கத்தினால் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க நீங்கள் வந்த செய்தி போய்ச் சேரும். இதெல்லாம் போய்ப் பட்டுத்தான் தெரியும்.

மார்ட்டினியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அதில் சேஃப்டி கிடையாது. லீவரை இறக்கும்போதே உள்ளே ஸ்பிரிங் ஏறிவிடும். வலப்பக்கம் கண்ணீர்த் துளி வடிவத்தில் ஒரு சின்ன முள் இருக்கும், அது திரும்பி நின்றால் துப்பாக்கி வெடிக்கத் தயார். அதனால் நடக்கும்போது, ஏறும்போது, ஆற்றைக் கடக்கும்போது தோட்டா சட்டைப்பையில்தான் இருக்க வேண்டும். சுடத் தயாரானால் மட்டுமே தோட்டா போடு என்று உரிமப் பரீட்சைக்குப் படித்தீர்களே, போல்ட் ரைபிள்காரர்கள் அதைச் சேஃப்டியை நம்பி மறந்துவிடுவார்கள். உங்களுக்கு மறக்க வழியில்லை. கடைசிப் பத்து மீட்டர் ஊர்ந்து பாறை விளிம்புக்கு வந்ததும் தோட்டாவை உள்ளே வைத்து, லீவரைத் திறந்தபடியே விடுங்கள். பிளாக் கீழே இருக்கும்வரை எது தட்டினாலும் வெடிக்காது. ஒன்று மட்டும்: வாயை மேலே தூக்கினால் தோட்டா பின்னால் வழுக்கி வெளியே வந்துவிடும். வாய் கிடையாகவே இருக்கட்டும். ஆட்டின் தோள் குறியில் உட்கார்ந்த பிறகு லீவரை மூடுங்கள். மூடும் சத்தம் ஆட்டுக்குக் கேட்கும். தலையைத் தூக்கும், ஓராயிரம் தடவை பார்த்துவிட்டேன், பெரும்பாலும் மூன்று நான்கு வினாடி அசையாமல் நிற்கும். அந்த வினாடிகள்தான் உங்களுடையவை.

இரண்டாவது தோட்டா இடக்கையின் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே இருக்கட்டும். பையில் துழாவினால் எனக்கு நடந்ததுதான் நடக்கும். சுட்டதும் லீவரைத் தயங்கி இறக்காதீர்கள், வெடுக்கென்று இறக்குங்கள். பிளாக் விழுந்து இடிக்கும் வேகத்தில்தான் காலிக்கூடு வெளியே தெறிக்கும். மெதுவாக இறக்கினால் பாதியில் நின்றுவிடும், விறைத்த நகத்தால் நோண்டிக்கொண்டிருப்பீர்கள்.

சுடும் முன் ஆட்டைப் பார்த்த கண்ணால் அதன் காலடிக்குக் கீழேயும் பாருங்கள். உருண்டால் எங்கே போய் நிற்கும்? சரளைச் சரிவா, செங்குத்தா? போய் எடுக்க முடியாத இடம் என்றால் சுடாதீர்கள், எவ்வளவு அழகான கொம்பாக இருந்தாலும்.

இந்த ஜூனில் நண்பர்களோடு போங்கள். உரிமம் இருப்பதால் அவர்களில் ஒருவரின் சாதாரண 308 ரைபிளை இரவல் வாங்கிக்கொள்ளலாம். கிடாயைத் தேடாதீர்கள், பெட்டையைச் சுடுங்கள். கூட்டம் பெருகாமல் இருக்கப் பெட்டையைத்தான் குறைக்க வேண்டும், அதையே எல்லோரும் கேட்டுக்கொள்கிறார்கள். இறைச்சியும் அதுதான் நன்றாக இருக்கும். ஜூன் மாதக் கிடாயை வீட்டுக்குக் கொண்டுபோனால் உங்கள் மனைவி உங்களையும் சேர்த்து வெளியே நிறுத்திவிடுவார், அந்த வாடை அப்படி. பெட்டைத் தொடையில் மிளகு தூக்கலாகப் போட்டு, கொஞ்சம் கூடுதல் நேரம் வேகவிட்டு, சுக்காவாக வறுத்தால் ஊர் ஞாபகம் வரும். 308-ஐ வைத்திருந்தாலும் 120 மீட்டருக்குள் போய்ச் சுடுங்கள். எத்தனை தடவை போக முடிகிறது, எத்தனை தடவை ஆடு முந்திக்கொள்கிறது என்று எண்ணி வையுங்கள்.

மார்ட்டினிக்கு அந்த வருடம் முழுக்க வேறு வேலை இருக்கிறது. பட்டறைச் சோதனை முடிந்ததும் ஒரு காகிதக் குறி வாங்கி, தேதி எழுதி, சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். சுடுகளத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அந்தக் காகிதத்தை 100 மீட்டரில் மாட்டி, குளிர்ந்த குழலில் முதல் குண்டு ஒன்றே ஒன்றை அதில் சுடுங்கள். படுத்துக்கொண்டோ, பையின் மேல் வைத்தோ, எப்படி மலையில் சுடுவீர்களோ அப்படி. அதன்பின் காகிதத்தைச் சுருட்டிவிட்டு வேறு காகிதத்தில் உங்கள் இஷ்டம்போல் சுடலாம். 10 நாள், 10 குண்டு. மலையில் உங்களுக்குக் கிடைப்பது எப்போதும் அந்த முதல் குண்டுதான், சூடேறிய குழலின் ஐந்தாவது குண்டு அல்ல. பத்தும் 15 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் இருந்தால் அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒன்பது உள்ளே, ஒன்று வெளியே என்றால் இன்னும் பத்து நாள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கட்டையின் இடப்பக்கம், கன்னம் வைக்கும் இடத்துக்குக் கீழே, சின்னச் சின்னக் கோடுகள் கீறியிருப்பது ஆறாவது படத்தில் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்து எண்ணினேன், பதினொன்று. ஆட்டுக்கு ஒரு கோடாக இருக்கும். கட்டை காய்ந்து வெளுத்திருக்கிறது என்று வார்னிஷ் அடிக்க நினைத்திருப்பீர்கள். அடிக்காதீர்கள், உப்புத்தாளும் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தால் போதும். கட்டையின் அடியில் உள்ள தகட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு நீளத் திருகு இருக்கும், அது தளர்ந்திருந்தால் முடுக்கிவிடுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தா வீட்டுப் பாட்டியம்மாவிடம் துப்பாக்கியின் படத்தை எடுத்துக்கொண்டு போய், தாத்தா அந்தப் பதினொன்றை எங்கெங்கே கீறினார் என்று கேளுங்கள். எந்தப் பள்ளத்தாக்கு, எந்த வருடம், என்ன தோட்டா போட்டார், எவ்வளவு அருகில் போனார் என்று அவருக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.